நீலத் துப்பாக்கியும் பித்தளை மூக்கும்

மே 6

அக்கா,

கிழித்துப் போடுவதற்கு முன் நான்கு வரியாவது படித்துவிடு.

போனில் என்னை ப்ளாக் செய்துவிட்டாய். நேற்று வந்து மணி அடித்தேன். ஜன்னல் திரை அசைந்தது, கதவு அசையவில்லை. அதனால்தான், பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதிய பிறகு முதல் தடவையாகப் பேனா பிடித்திருக்கிறேன். அத்தானின் பஸ் எங்கள் பட்டறைத் திருப்பத்தில் சிக்னலுக்கு நிற்கும். அந்த அரை நிமிஷத்தில் இதை டிரைவர் ஜன்னல் வழியாக அவர் மடியில் போட்டுவிடுவேன். அத்தான் ஒன்றும் கேட்க மாட்டார். உங்கள் கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

உன் மகள், என் சுண்டெலி, எப்படி இருக்கிறாள்? கண்ணில் கட்டு இன்னும் இருக்கிறதா? டாக்டர் உங்களை உள்ளே கூப்பிட்டபோது என்னை வராந்தாவிலேயே நிற்கச் சொன்னாய். வெளியே வந்ததும், "இனிமே என் வாசப்படி மிதிக்காதே"ன்னு ஒரே வரி. டாக்டர் என்ன சொன்னார் என்றே எனக்குத் தெரியாது. பட்டறையில் ஒரு வாஷிங் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, எந்த ஸ்க்ரூ எங்கே போகும் என்று தெரியாமல் இரண்டு நாளாக முழித்துக்கொண்டிருக்கிறேன்.

லீவு விட்டதும் தண்ணீர்ச் சண்டை என்று அவளுக்கு மூன்று மாதமாக ஆசை காட்டி வைத்திருந்தேன். கையால் பம்ப் அடிக்கிற பழைய பிளாஸ்டிக் துப்பாக்கி இல்லை, பேட்டரியில் ஓடுவது. மூக்கைப் பக்கெட்டில் முக்கினால் தானே தண்ணீரை உறிஞ்சும், விசையை அழுத்தினால் டர்ர்ர் என்று பாயும். நீலம் ஒன்று, ஆரஞ்சு ஒன்று, பச்சை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை முதல் அரை மணி நேரம் உங்கள் கொல்லைப்புறம் எப்படி இருந்தது! எலுமிச்சை மரம், கொடியில் காய்ந்த பெட்ஷீட், அத்தானின் யூனிஃபார்ம் எல்லாம் சொட்டச் சொட்ட. நீகூடச் சிரித்தாய் அக்கா. நீ அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம்.

பிறகு நடந்ததற்கு நான்தான் காரணம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு.

தம்பி


மே 8

தம்பிக்கு,

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை என்பதுதான் பதில்.

கண்ணுக்குள்ளே, முன்பக்கம் ரத்தம் கட்டியிருக்கிறது. அது தானாகக் கரைய வேண்டுமாம். பதினைந்து நாள் இரண்டு தலையணை வைத்து நிமிர்ந்த மாதிரிப் படுத்திருக்க வேண்டும். ஓடக்கூடாது, குனியக்கூடாது, புத்தகம் கூடாது, டிவி கூடாது. பதினெட்டாம் தேதி பார்த்துவிட்டுத்தான் அந்தக் கண்ணில் எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று சொல்வார்களாம். "மிஞ்சும்" என்றுதான் டாக்டர் சொன்னார்.

நான் பதினொரு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறேன். ஒற்றைக் கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்கள் வருவார்கள். ஒரு பக்கம் பவர் லென்ஸ், மறுபக்கம் சும்மா வெறும் கண்ணாடி வைத்துக் கொடுப்போம். நேற்று அப்படி ஓர் ஆர்டர் வந்தது. ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதலாளி வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார்.

துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்ததே, அதைப் படித்தாயா? முகத்தைக் குறிவைக்காதே, பத்தடிக்குள் நின்று அடிக்காதே, கண்ணுக்குக் கவசம் போடு. எட்டு மொழியில் அச்சடித்திருக்கிறான். நீ அதை நான்காய் மடித்து, ஆடுகிற சமையலறை மேஜைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாய். இன்று காலையில்தான் பார்த்தேன். மேஜை இப்போது ஆடவில்லை, அந்த மட்டும் சந்தோஷம்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் "மாமா விளையாட்டாகத் தண்ணீர் அடித்ததில்" என்று எழுதியிருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். இனி எழுதாதே.

அக்கா


மே 11

அக்கா,

எழுதாதே என்று எழுதியதற்கு நன்றி. நீ எழுதினாயே, அது போதும்.

நான் எழுத உட்கார்ந்தால் வருகிற வார்த்தையெல்லாம் கண்ணிலேயே வந்து முட்டுகிறது. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள் என்று ஆரம்பித்து அடித்தேன். கண்ணே பட்டுவிட்டது என்று எழுதி அதையும் அடித்தேன். நாம் பேசுகிற பாஷையில் இத்தனை கண் இருக்கிறது என்று இதுவரை எனக்குத் தெரியாது.

சும்மா படுத்திருக்க அந்தச் சுண்டெலியால் முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் பட்டறையில் இருந்து ஒரு பிஸ்கட் டின் அனுப்புகிறேன். உள்ளே நட்டும் போல்ட்டும், வாஷரும், ரப்பர் வளையமும். எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவியது, பயப்படாதே. கண்ணை மூடிக்கொண்டு எது எதற்குச் சேரும் என்று விரலாலேயே திருகிப் பார்க்கட்டும். அவளுக்கு அது பிடிக்கும்.

இன்னொன்று. துப்பாக்கி மூன்றையும் நீ தூக்கிப் போட்டிருப்பாய். போடாவிட்டால், அந்த நீலத் துப்பாக்கியை மட்டுமாவது அத்தானிடம் கொடுத்தனுப்பு. பேட்டரி உள்ளே இருக்கிறது, வீட்டில் கிடப்பது நல்லதில்லை. நீலம் மட்டும் போதும்.

தம்பி


மே 13

தம்பி,

உன் டின் வந்து சேர்ந்தது. அவள் ஒன்றரை மணி நேரம் வாயைத் திறக்காமல் திருகிக்கொண்டிருந்தாள், அதுவே பெரிய அதிசயம். பிறகு விரல் நுனி அளவு ரப்பர் மூக்கு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "அம்மா, இது நீலத் துப்பாக்கியோட மூக்கு. மாமா கழட்டிட்டு வேற மாட்டினாங்க, அது இது"ன்னு சொன்னாள்.

உனக்கு மூளை எங்கே இருக்கிறதடா? மறைக்க வேண்டியதையும் நீயே கழுவி, டின்னில் போட்டு, மூடி அனுப்பியிருக்கிறாய்!

கொல்லைப்புற அலமாரியில் இருந்து நீலத்தை எடுத்துப் பார்த்தேன். ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் அகலமான ரப்பர் மூக்கு. நீலத்துக்குப் பித்தளை. ஊசி போகிற அளவு துவாரம். அப்போதுதான் உனக்கு ஏன் நீலம் மட்டும் வேண்டும் என்று புரிந்தது. உன்னைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். நல்ல நல்ல வார்த்தையெல்லாம் வந்தது. பாதி அப்பாவிடமிருந்து கற்றது.

அந்த நான்கு பக்கத்தையும் திரும்பப் படித்தேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. ஆகா, எல்லாம் இவன் செய்தது, என் மேல் ஒன்றுமில்லை. அந்தச் சுகம் இருக்கிறதே, அதைப் பார்த்து எனக்கே என் மேல் அருவருப்பு வந்துவிட்டது. நான்கு பக்கத்தையும் அடுப்பில் போட்டேன்.

இரண்டு கடிதம் எழுதினாய். ஒன்றிலும் நீ அதைச் சொல்லவில்லை. சரி, நானே சொல்கிறேன். தண்ணீர் அடித்தது நீ இல்லை. நான்.

"ஒரே ஒரு தடவை அடிச்சுப் பாருக்கா, கை தானா சிரிக்கும்"னு நீ நீலத்தை என் கையில் திணித்தாய். நான் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். என்னைப் பயமுறுத்த அவள் பெட்ஷீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். "பே!"ன்னு குதித்தாள், மூன்றடிகூட இல்லை. நான் சிரித்துக்கொண்டே அழுத்தினேன். ஆஸ்பத்திரியில் உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால், வராந்தாவில் வைத்தே டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். "என் தம்பி அடிச்சுட்டான்"னு என் வாய் சொல்லிவிட்டது. நான் சொல்ல நினைக்கக்கூட இல்லை. நீ சுவரோரம் நின்று தலையை ஆட்டினாய். உன் அத்தானிடமும் அதையே சொன்னேன். கடையிலும் அதையே சொன்னேன். உன் முகத்தைப் பார்த்தால் உண்மை ஞாபகம் வரும் என்றுதான் உன்னை வாசலோடு துரத்தினேன். ப்ளாக் செய்ததும் அதற்குத்தான்.

நீ ஏனடா தலையை ஆட்டினாய்?

அக்கா


மே 14

அக்கா,

நான் ஏதோ பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே. அதற்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

முந்தின நாள் சனிக்கிழமை, சுண்டெலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டறையில் மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். நீலத்துக்கு மூக்கில் கசிவு. நாங்கள் நாசில் என்போம். கடைக்குக் கொண்டுபோய் மாற்றியிருக்கலாம். ஆனால் நான் மெக்கானிக் ஆச்சே! கார் கழுவும் பம்பின் பித்தளை நாசில் ஒன்று கையில் இருந்தது. மாட்டினேன். மற்ற இரண்டும் பதினாறடி போகிற இடத்தில் இது முப்பத்தைந்தடி போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் அதையே உன் கையில் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ என் பெயரைச் சொன்னபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. விளையாட்டாக அடித்துவிட்டேன் என்றால் அது சின்னத் தப்பு. நாசிலை மாற்றிவிட்டு வாய் திறக்காமல் இருந்தது பெரிய தப்பு. பெரியதை யாரும் தோண்டாமல் இருக்கச் சின்னதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். உனக்காகத் தலையாட்டவில்லை அக்கா, எனக்காகத்தான் ஆட்டினேன்.

உன் கடிதம் வந்த பிறகு சோதித்துப் பார்த்தேன். அதே மாதிரி வேறொரு துப்பாக்கி வாங்கி, சுவரில் செய்தித்தாளை ஒட்டி, மூன்றடியில் நின்று அடித்தேன். ரப்பர் மூக்கில் தாள் நனைந்து தொங்கியது. பித்தளையில் ஓட்டை விழுந்தது.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு இன்று மதியம் டாக்டரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை முதல் நாளே சொல்லியிருக்கணும்யா"ன்னார். பிறகு நர்ஸிடம் சுண்டெலியின் சீட்டை வாங்கி ஏதோ எழுதினார். கண்ணின் பின்பக்கத்தையும் கவனமாகப் பார்க்கச் சொல்லி அதில் இருக்கிறதாம். பதினெட்டாம் தேதி உன்னிடமும் இதைப் பற்றிக் கேட்பார்.

அழுத்தியது உன் விரல், சரி. ரப்பர் மூக்கு இருந்திருந்தால் மூன்றடியிலும் முகம் நனைந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போயிருப்பாள். இதை உன்னைத் தேற்ற எழுதவில்லை. சுவரில் பார்த்ததை எழுதுகிறேன். நீ இன்னொரு நான்கு பக்கம் எழுது. இந்தத் தடவை அடுப்பில் போடாமல் அனுப்பு.

தம்பி


மே 18

டேய் தம்பி,

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சுடா!

ரத்தம் முழுக்கக் கரைந்துவிட்டது. பின்பக்கமும் சுத்தமாக இருக்கிறது. எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரை அடிபட்ட கண்ணாலேயே தடதடவென்று படித்தாள். கடைசி வரியில் ஒரே ஓர் எழுத்துத் தப்பு. டாக்டர் அந்தக் கண்ணை மூடிவிட்டு மற்ற கண்ணால் படிக்கச் சொன்னார். அதே எழுத்தை அதே தப்பாகப் படித்தாள். கண்ணில் கோளாறு இல்லை, படிப்பில்தான்! நான் சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கதவைத் திறந்து பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு நிற்கவே இல்லை, அழுகையாக மாறிவிட்டது. நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார்.

பிறகு டாக்டரிடம் நானே சொன்னேன், அடித்தது தம்பி இல்லை, நான் என்று. "அப்படித்தான் நெனச்சேன், உங்க தம்பி துப்பாக்கி மூக்க மாத்தினதத்தான் சொன்னார், அடிச்சதா அவர் சொல்லவே இல்லை"ன்னார். வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "தெரியும். அன்னிக்கே சுண்டெலி சொல்லிட்டா"ன்னார். ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். "நீயே சொல்வேன்னு இருந்தேன்"ன்னார். இத்தனை நாள் நம் கடிதங்களைச் சட்டைப்பையில் சுமந்துகொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி பஸ் ஓட்டியிருக்கிறார் மனுஷன்.

கடைசியாக அவளிடம் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, "அம்மாதான்டி அன்னிக்கு அடிச்சேன், மாமா இல்லை"ன்னேன். "எனக்குத் தெரியாதா? நானும் அங்கதானே இருந்தேன்?"னு கேட்டாள்.

உன் பித்தளைக்கு வருகிறேன். உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. நேரில் வா, காதைத் திருகுகிறேன். முப்பத்தொரு வயசானால் என்ன, காது காதுதான். டாக்டரிடம் நீயாகப் போய்ச் சொன்னதற்காக ஒரு காதை விட்டுவிடுகிறேன்.

இன்னொரு மாதம் ஓட்டம் கூடாது. அதற்குப் பிறகு மறுபடியும் தண்ணீர்ச் சண்டை வேண்டும் என்று நிற்கிறாள். முடியாது என்றேன். கவசத்தோடு ஆடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம், எனக்குத் தெரியாமல் கேட்டு வைத்திருக்கிறாள். அதோடு ஒரு நிபந்தனை வேறு: "அம்மா அடிக்கணும். அம்மா அடிக்கலேன்னா நானும் ஆட மாட்டேன்." "பார்க்கலாம்"னு சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ப்ளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுது. உன் குரலைக் கேட்டால் இப்போது அழுதுவிடுவேன்.

அக்கா


மே 20

அக்காவே, தாயே,

உன் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். எதிரில் தோசைக்கல் மாதிரிச் சூடான மோட்டாரோடு நின்ற வாடிக்கையாளர், விஷயம் தெரியாமலேயே கைதட்டினார். அவரிடம் அன்று கூலி வாங்கவில்லை.

ஜூன் இருபத்தெட்டு, ஞாயிறு. அதற்குள் செய்ய வேண்டியதை எழுதுகிறேன், உன் திருத்தத்தோடு திருப்பி அனுப்பு. நீலத்துக்கு அதன் சொந்த ரப்பர் மூக்கு, கசிவுக்குப் புது வாஷர், அவ்வளவுதான். பித்தளையைச் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கிவிட்டேன், ஆதாரத்துக்கு வேண்டுமானால் தருகிறேன். சார்ஜ் போடுவது முந்தின நாளே, வீட்டுக்குள்ளே, துடைத்துக் காய்ந்த பிறகு. குழாயடிச் சிமெண்டுத் தரையில் வழுக்கும், அதனால் புல் இருக்கிற பக்கம் மட்டும். கொடியில் பெட்ஷீட் இருக்கவே கூடாது. கழுத்துக்குக் கீழேதான் அடிக்க வேண்டும். "போதும்" என்று யார் சொன்னாலும் எல்லோரும் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட வேண்டும், சொன்னது சுண்டெலியாக இருந்தாலும் அத்தானாக இருந்தாலும். அத்தான் வாயைத் திறந்து "போதும்" என்று சொல்வதைக் கேட்கவாவது நான் ஒருமுறை அவரை நன்றாக நனைக்க வேண்டும்.

கவசம் உன் துறை. நான் அதில் கை வைக்க மாட்டேன். எதிலும் கை வைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

தம்பி


ஜூன் 29

தம்பி,

நேற்று நேரில்தான் அவ்வளவு நேரம் பேசினோம், போனும் இருக்கிறது. இருந்தாலும் ஒன்றை எழுத்தில் வைக்க வேண்டும்.

கவசம் நான்கும் நன்றாக நின்றதா? உடையாத லென்ஸ், ஓரத்தில் ரப்பர், பின்னால் பட்டை. கடையில் முதலாளி எனக்காக மிஷினை ஒரு மணி நேரம் விட்டுக் கொடுத்தார். உன் அத்தானுக்கு மட்டும் மூக்கு பெரிசு, இரண்டு தடவை வெட்ட வேண்டியிருந்தது. அதைப் போட்டதும் சுண்டெலி, "அப்பா தவளை மாதிரி இருக்கீங்க"ன்னதும், அவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடியதும் நீ பார்த்ததுதான். பதினோரு வருஷத்தில் அவர் ஓடி நானும் பார்த்ததில்லை. நாம் இருவரும் சுண்ணாம்புப் பொடியில் இழுத்த பத்தடிக் கோடு அரை மணி நேரத்தில் அழிந்துபோனது. ஆனால் ஒருவரும் தாண்டவில்லை.

நீ பார்க்காதது ஒன்று இருக்கிறது. எல்லோரும் அடித்துக்கொண்டிருந்தீர்கள், நான் நீலத்தைப் பிடித்துக்கொண்டு சும்மாவே நின்றேன். நீ அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தாய், எனக்குத் தெரியும். நீ பக்கெட் நிரப்பக் குழாயடிக்குப் போனாய். அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து, இரண்டு கையையும் விரித்து நின்று, "அடிம்மா"ன்னாள். கவசத்துக்குள் அவள் கண் இரண்டும் பெரிசாகத் தெரிந்தன. என் விரல் மடங்கவில்லை. முடியாதுடி என்றேன். அவள் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்று, என் முழங்கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். நேரே உன் முதுகுக்கு! "அங்க அடி, மாமாவுக்கு வலிக்காது"ன்னாள்.

குழாயடியில் தண்ணீர் நிரப்புகிற ஆளை அடிக்கக் கூடாது என்று உன் பட்டியலில் நான் சேர்த்த விதி இருக்கிறதே, அது அப்போது எனக்கு ஞாபகமே வரவில்லை.

நீ "ஐயோ!"ன்னு அலறித் திரும்பினாய். "சுண்டெலி, நீதானே?"ன்னு விரலை ஆட்டினாய். அவள் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற உன்னை மாதிரியே தலையை மட்டும் ஆட்டினாள். நீ அவளைத் துரத்தினாய். மூன்று சுற்று ஓடி, சொட்டச் சொட்ட நனைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்காக அடி வாங்கிக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு!

அன்று மாதிரி இதையும் அப்படியே விட்டுவிட எனக்கு மனசு இல்லை. அதனால் கேட்டுக்கொள். அடித்தது சுண்டெலி இல்லை. நான்தான். பதினைந்தடியில் இருந்து, ரப்பர் மூக்கால், உன் முதுகின் நட்ட நடுவில்.

அடுத்த ஞாயிறு பழி வாங்க வா.

அக்கா